வயிறு போடும் தாளம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லேன்; இரயில்வேயில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு நின்றவன். எனினும் கடந்த சில ஆண்டுகளாக ஒரு காரணம் பற்றி இரைப்பை, குடல் ஆகியவற்றின் இயக்கத்தைக் குறித்துக் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வருகிறேன். அக்காரணம் யாது என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

வறுமையில் வாடுபவனைச் "சோற்றுக்குத் தாளம் போடுகிறான்" என்று சொல்வது நம் வழக்கு. அவ்வழக்கை முதலில் சொன்னவர் கையால் போடும் தாளத்தையே எண்ணியிருப்பார். ஆனால் வயிறே தாளம் போடுகிறது என்பது மெய். உண்டவன் இரைப்பையும் உண்ணாதவன் இரைப்பையும், செல்வன் இரைப்பையும் ஏழை இரைப்பையும், நிமிடத்திற்கு 3 முறை என்று ஏறக்குறைய ஒரே கணக்கில் அதைப் போடுகின்றன. அத்தாளத்தைப் போடும் அணுக்கள் யாவை, அவை அழிந்தால் என்ன நேரும், அளவிறந்து பெருகினால் என்ன நேரும், அவற்றின் கதையில் நாம் பிழைக்க வந்த இந்த ஹைதராபாத்தும் நாம் விட்டு வந்த சென்னையும் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பவையே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வாயில் இட்ட கவளத்தை மெல்வதும் விழுங்குவதும் நம் விருப்பத்திற்கு உட்பட்டவை. தொண்டையைத் தாண்டிய பின் அஃது நம் ஆட்சியில் இல்லை. உணவுக்குழாய், இரைப்பை, ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள சிறுகுடல், 5 அடி நீளமுள்ள பெருங்குடல் ஆகியவற்றின் வழியே அது செல்கிறது. இரைப்பையில் சில மணி நேரம். சிறுகுடலில் சில மணி நேரம். பெருங்குடலில் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இந்த நெடுங்குழாயின் சுவரில் உட்புறம் வளையமாகச் சுற்றிய தசையும், வெளிப்புறம் நீளவாட்டில் ஓடும் தசையும் உள்ளன. உணவுக்குப் பின்னால் உள்ள வளையம் இறுகி, முன்னால் உள்ள வளையம் தளர்ந்தால், உணவு முன்னே நகரும்.

இந்தத் தசைகளுக்கு ஆணையிடுவது யார்? மூளைதான் என்றே நாம் எண்ணுவோம். உடலில் எல்லாவற்றுக்கும் தலைமையகத்திலிருந்து உத்தரவு வரவேண்டும் என்பது நம் போன்ற அலுவலக மனிதர்களின் நம்பிக்கை. ஆனால் குடல் அவ்வாறு நடப்பதில்லை. 1899-ஆம் ஆண்டில் லண்டனில் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்துவிட்டுப் பார்த்தனர். குடல் தன் வேலையை விடவில்லை. உள்ளே ஓரிடத்தைத் தூண்டினால் அதற்கு மேற்புறம் சுருங்கியது, கீழ்ப்புறம் தளர்ந்தது. 1917-ஆம் ஆண்டில் டிரெண்டலென்பர்க் என்னும் ஜெர்மானியர், கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டொன்றை உடலினின்று பிரித்தெடுத்து, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் வைத்தார். உடலை விட்டு வந்துவிட்ட அத்துண்டு, உள்ளே சிறிது நீர் நிரப்பி அழுத்தம் உண்டாக்கியதும், அலையலையாகச் சுருங்கி அந்நீரைத் தள்ளியது. தலையும் இல்லை, தண்டுவடமும் இல்லை, வேலை நடந்தது. ஆதலின் ஆணையிடும் அதிகாரம் குடற்சுவரிலேயே இருக்கவேண்டும் என்பது உறுதியாயிற்று.

1921-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் வால்டர் ஆல்வரெஸ் என்னும் மருத்துவர், மெலிந்த முதிய பெண்மணி ஒருவரின் வயிற்றின்மேல் மின்முனைகளை வைத்து, இரைப்பையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பது போன்றதுதான். அப்பெண்மணியின் வயிற்றுச் சுவர் மிக மெல்லியதாக இருந்தமையால், உள்ளே இரைப்பை சுருங்குவது கண்ணுக்கே தெரிந்தது. கருவி காட்டிய அலையும் கண் கண்ட சுருக்கமும் நிமிடத்திற்கு 3 என்று ஒத்து வந்தன. இந்த அலை இரைப்பையின் பெரிய வளைவின் நடுப்பகுதியில் தோன்றி, கீழ்நோக்கிச் சென்று, சிறுகுடலின் வாயிலாகிய கீழ்வாய்த் தசை வரை வருகிறது. சிறுகுடலுக்குத் தாளம் வேறு. அதன் தொடக்கத்தில் நிமிடத்திற்கு 11 அல்லது 12. கடைப்பகுதியில் 8 அல்லது 9. மேலே விரைவு, கீழே நிதானம் என்னும் இந்த ஏற்பாட்டில்தான் உணவு கீழ்நோக்கியே செல்வதன் சூட்சுமம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

அலையைக் கண்டார்கள், அலையை எழுப்புவது எது என்று தெரிய மேலும் 70 ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த அணுவை அதற்கும் முன்னரே ஒருவர் கண்ணால் கண்டு படமும் வரைந்திருந்தார். அவர் ஸ்பெயின் நாட்டின் சாந்தியாகோ ரமோன் இ கஹால். 1852-இல் பிறந்தவர். பள்ளியில் அடங்காத பிள்ளையாக இருந்ததால், உடற்கூறு கற்பித்த தந்தையார் அவரை ஒரு முடிதிருத்துபவரிடமும் பின்னர் ஒரு செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். அப்பிள்ளையே பிற்காலத்தில் மூளையின் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக வரைந்து, 1906-இல் இத்தாலியர் கோல்ஜியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது. குடற்சுவரின் இரு தசைகளுக்கும் இடையே, நீண்ட கைகளைக் கோத்துக்கொண்டு வலைபோல் கிடந்த ஒருவகை அணுக்களை அவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டார். அவற்றையும் ஒருவகை நரம்பணுக்கள் என்றே கருதினார். அக்கருத்துப் பிழையென்று பின்னர்த் தெரிந்தது. அவை தசையணுக்களின் உறவின்முறையைச் சேர்ந்தவை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. கஹாலின் இடையணுக்கள் என்றே இன்றும் அவை வழங்குகின்றன. சுருக்கம் கருதிக் கஹால் அணுக்கள் என்று சொல்கிறேன்.

1982-இல் டென்மார்க்கைச் சேர்ந்த துனெபெர்க், இவ்வணுக்களே தாளத்தின் பிறப்பிடமாக இருக்கலாம் என்று எழுதினார். சான்று வந்தது எலிகளிடமிருந்து. கஹால் அணுக்கள் வளரவும் வாழவும் கிட் என்னும் புரதம் ஒன்று அவற்றின் மேற்பரப்பில் வேலை செய்யவேண்டும். 1992-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சிலர், பிறந்த எலிக்குஞ்சுகளில் இப்புரதத்தை மருந்தால் முடக்கினர். குஞ்சுகளின் குடல் அசைவற்று உப்பிப்போயிற்று. 1994, 1995-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறு சில எலிகளை ஆராய்ந்தனர். அவை பிறவியிலேயே கிட் புரதம் குறைபட்டவை. அவற்றின் சிறுகுடலில் தசைகளுக்கிடையே இருக்கவேண்டிய கஹால் அணுக்கள் இல்லை, மின்னலையும் இல்லை. தசை இருந்தது, நரம்பு இருந்தது, தாளம் மட்டும் இல்லை. வழக்கு அத்துடன் தீர்ந்தது. இவ்வெலிகளின் மயிர் வெண்மையாக இருந்ததையும் சொல்லவேண்டும். தோலுக்கு நிறம் தரும் அணுக்களுக்கும் அதே கிட் புரதம் வேண்டியிருப்பதே காரணம்.

கஹால் அணு ஒவ்வொன்றும் தனக்குள் சேமித்து வைத்த கால்சியத்தைக் குறித்த இடைவெளியில் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. அது மேற்புறத்தில் உள்ள குளோரைடு வாயில்களைத் திறக்கிறது. மின்னழுத்தம் மாறுகிறது. அம்மாற்றம் பக்கத்து அணுவுக்கும், அங்கிருந்து தசைக்கும் பரவுகிறது. இதயத்தின் தாளமும் ஏறத்தாழ இவ்வகையில் தன்னிலிருந்தே பிறப்பதுதான். ஆனால் இதயத்தில் ஒவ்வோர் அலைக்கும் ஒரு துடிப்பு நிச்சயம். குடலில் அலை வந்தவுடன் தசை சுருங்கிவிடுவதில்லை. இந்த இடத்தில் பலர் குழம்புவர். நம் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்கிறேன்; இங்கே பாதிப்பேர் இரயில்வேக் குடும்பத்தினர் ஆதலின் விளங்கும். கால அட்டவணையில் ஒரு வண்டிக்கு 10.20 என்று ஒரு பாதை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனால் மட்டும் வண்டி புறப்பட்டுவிடாது. அடுத்த நிலையம் லைன் கிளியர் தரவேண்டும். லைன் கிளியர் கிடைத்தாலும் அட்டவணையில் இடமில்லாத நேரத்தில் ஓட முடியாது. கஹால் அணுக்கள் போடுவது அட்டவணை. நிமிடத்திற்கு இத்தனை முறைக்கு மேல் சுருங்க இயலாது என்று அவை வரையறுக்கின்றன. லைன் கிளியர் தருவன குடற்சுவரில் உள்ள நரம்புப் பின்னல்கள். உணவு வந்து சுவரை விரிக்கும்போது அவை ஒருவகை இரசாயனத்தைச் சுரந்து, "இந்த அலைக்குச் சுருங்கலாம்" என்று அனுமதி அளிக்கின்றன. அனுமதி இல்லாத அலை அமைதியாக ஓடி மறைந்துவிடும்.

அவ்வாறாயின் மூளைக்கு ஒரு பங்கும் இல்லையா எனில், உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அமெரிக்கர் வால்டர் கேனன், பூனைக்குப் பிஸ்மத் கலந்த உணவு கொடுத்து எக்ஸ்-கதிரால் இரைப்பையின் அசைவைப் பார்த்துவந்தார். பூனை சினங்கொண்டபோதும் அஞ்சியபோதும் அசைவு நின்றுவிட்டது. தடவிக் கொடுத்துச் சாந்தப்படுத்தினால் மீண்டும் தொடங்கியது. சண்டையிட்டுக்கொண்டே உண்ட சோறு ஒட்டாது என்று நம் பாட்டிமார் சொன்னதற்கு இது சாட்சி. மூளை கண்காணிப்பு அதிகாரி. வண்டிகளை நிறுத்தவும் முடுக்கவும் அதனால் முடியும். அட்டவணை போடுவது அதன் வேலை இல்லை.

வெறும் வயிற்றில் நடப்பதும் அறியத்தக்கது. உண்டது செரித்து இரைப்பையும் சிறுகுடலும் காலியான பின், ஏறத்தாழ 90 நிமிடம் முதல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலிய சுருக்கங்களின் வரிசை ஒன்று இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைக்கோடி வரை மெல்ல நகர்ந்து செல்கிறது. அதற்கு மோட்டிலின் என்னும் சுரப்பும் நரம்புகளும் தூண்டுகோல்; சுருக்கத்தின் வேகத்தை வரையறுப்பது மட்டும் கஹால் அணுக்களின் தாளமே. செரியாத நார், உதிர்ந்த அணுக்கள், பாக்டீரியா ஆகியவற்றை இது துடைத்துச் செல்கிறது. நாம் கேட்கும் "கடகட" ஒலியில் ஒரு பகுதி இத்துப்புரவு வேலையின் ஒலியே. தண்டவாளத்தைச் செப்பனிட இரவில் பிளாக் வாங்குவதை நீங்கள் அறிவீர்கள். வண்டிகள் நின்றால்தான் கேங்மேன்கள் இறங்கி வேலை செய்ய இயலும். ஒரு வாய் உணவு உள்ளே சென்றதும் இந்தப் பிளாக் இரத்தாகிவிடும். காலை 8 மணிக்குச் சிற்றுண்டி, 10 மணிக்கு ஈரானி தேநீரும் உஸ்மானியா பிஸ்கட்டும், 12 மணிக்கு ஒரு சமோசா, ஒன்றரைக்குச் சாப்பாடு, 4 மணிக்கு மிர்ச்சி பஜ்ஜி என்று இந்நகரத்து அலுவலக வாழ்க்கை நடக்கிறது. பகல் முழுவதும் துப்புரவுக்கு இடம் எங்கே? வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், முன் உண்டது அற்றதை அறிந்து உண்பதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார். அவர் கஹால் அணுவை அறிந்திருந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்வோர் நம் சங்கங்களில் உண்டு, அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தன் வயிற்றைக் கவனித்த ஒருவர் கண்ட உண்மை அது. அந்த அளவில் போதும்.

காலைக் காப்பி பற்றியும் ஒரு சொல். காப்பி குடித்தால்தான் காலைக்கடன் கழிகிறது என்பாரை வீட்டார் கேலி செய்வர். 1990-இல் இங்கிலாந்தில் செய்த ஆராய்ச்சியில், இவ்வாறு சொல்வோரின் பெருங்குடலின் கடைப்பகுதி, காப்பி அருந்திய 4 நிமிடத்திற்குள்ளாகவே சுறுசுறுப்படைவதைக் கருவி கொண்டு அளந்தனர். காஃபீன் நீக்கிய காப்பியும் அவ்வாறே செய்தது, வெந்நீர் செய்யவில்லை. கேலி செய்தவர்கள் இனி நிறுத்திக்கொள்ளலாம்.

இனி நோய்களுக்கு வருவோம். முதலில் இவ்வணுக்கள் அளவிறந்து பெருகும் நோய்.

கிட் புரதம், வளர்ச்சிக்கான கட்டளை வந்தால் மட்டும் விழித்துக்கொள்ள வேண்டியது. அதன் மரபணுவில் மாற்றம் நேர்ந்து, கட்டளையின்றியே எப்போதும் விழித்திருந்தால், கஹால் அணுக்களோ அவற்றின் மூல அணுக்களோ பெருகிக் கட்டியாகின்றன. 1998-இல் ஜப்பானில் ஹிரோட்டா குழுவினர் இதனைக் கண்டுபிடித்தனர். ஜிஸ்ட் என்று சுருக்கமாக வழங்கும் இக்கட்டிகள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் மிகுதியாகத் தோன்றும். அரிதான நோயே. ஆனால் அறுத்தெடுக்க இயலாமல் பரவிவிட்டால், அக்காலத்து வேதி மருந்துகள் எவையும் பயன்படவில்லை. அதே வேளையில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காக இமாட்டினிப் என்னும் மாத்திரை உருவாகியிருந்தது. அது கிட் புரதத்தையும் உறங்க வைக்கும் என்பது தெரியவந்தது. 2000-ஆம் ஆண்டில் பின்லாந்தில், நோய் முற்றிய பெண்மணி ஒருவருக்கு இதனைக் கொடுத்தனர். கட்டிகள் சுருங்கின.

மருந்து வந்தது, விலை? நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மாத்திரைக்கு நம் நாட்டில் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. நிறுத்தாமல் நெடுங்காலம் உண்ண வேண்டிய மருந்து அது. இவ்விடத்தில் நம் ஊர் வருகிறது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தைச் செய்து 2003-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேறு சில இந்திய நிறுவனங்களும் செய்தன. அவற்றுள் ஹெட்டிரோவும் இவ்வூரதே. அவற்றின் விலை மாதத்திற்கு 8,000 முதல் 10,000 ரூபாய் அளவில் இருந்தது. நோவார்ட்டிஸ் 1998-லேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில், இம்மருந்தின் ஒருவகைப் படிக வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்திருந்தது. அது கிடைத்துவிட்டால் மற்றவர் எவரும் செய்ய இயலாது. நாட்கோ முதலிய நிறுவனங்களும், புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும் எதிர்த்தன. 2006 சனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது. தெரிந்த பொருளின் புதுவடிவம், நோயைத் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டிருந்தாலன்றிக் காப்புரிமை பெறாது என்னும் 3(டி) சட்டப்பிரிவே செல்லாது என்று அந்நிறுவனம் தொடுத்த வழக்கை 2007-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. இறுதியில் 2013 ஏப்பிரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று தீர்த்தது. நோயாளர் பலருக்குத் தம் திட்டத்தின் வாயிலாக இலவசமாகவே கொடுத்துவந்ததாக அந்நிறுவனத்தார் கூறினர். அதையும் சொல்லிவிடுவது முறை. ஆயினும் ஒருவர் கொடை கொடுக்கும்வரை உயிர்வாழ்வதும், கடையில் விலை கொடுத்து வாங்கி உயிர்வாழ்வதும் ஒன்றாகா என்பது என் கருத்து. கஹால் அணுக்களின் பெயரை அறியாமலேயே நம் இரண்டு நகரங்களும் அவற்றின் வரலாற்றில் இடம்பெற்ற கதை இது.

அணுக்கள் பெருகுவது அரிது. அணுக்கள் அழிவதோ நம் வீட்டு வாசலிலேயே நிற்கும் ஆபத்து. இப்போது நான் முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்தவர் ஒருவர். அண்ணா என்றே அவரை அழைப்பேன். 20 ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். நான்கு வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்பார். ஏப்பம், குமட்டல், உப்புசம். "கேஸ் டிரபுள்" என்று அவரும் சொன்னார், மற்றவரும் சொன்னோம். தமிழர், தெலுங்கர், உருது பேசுவோர் மூவரும் மாற்றமின்றி வழங்கும் சொல் இந்நகரில் இஃது ஒன்றே என்று நினைக்கிறேன். மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரைகளில் மூன்று ஆண்டுகள் சென்றன. பிறகு ஒருநாள் காலை, இன்சுலின் போட்டுக்கொண்டு 4 இட்டலி உண்ட அண்ணா, முக்கால் மணி நேரத்தில் வியர்த்து விறுவிறுத்து மயங்கி விழுந்தார். சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. ஒரு மருத்துவமனையில், ஊசி போட்டுக்கொண்டு உண்ணாமல் இருந்துவிட்டார் என்றே எழுதினார்கள். உண்டேன் என்று அவர் சொன்னதை எவரும் நம்பவில்லை. அண்ணியார்தாம், "நானே இலையில் இட்டேன்" என்று அழுதார். அன்று மாலை வாந்தியில் காலை உண்ட இட்டலி வந்தது. அதன்பிறகே நம்பினார்கள்.

நடந்தது இதுதான். இன்சுலின் குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. உணவோ இரைப்பையிலேயே நின்றது. சிறுகுடலுக்குச் சென்றாலன்றி உணவின் சர்க்கரை இரத்தத்தில் சேராது. ஆகவே ஊசிக்குப் பின் சர்க்கரை பாதாளத்துக்கும், உணவு நகர்ந்த பின் இரவில் மலையுச்சிக்கும் சென்றது. இந்நோய்க்குக் காஸ்ட்ரோபரேசிஸ் என்று பெயர். இரைப்பை வாதம் எனலாம். இவ்வகை நோயாளரின் இரைப்பைத் தசையைச் சிறிது எடுத்து ஆராய்ந்தபோது, பலரிடம் கஹால் அணுக்கள் குறைந்திருந்தன. நரம்புகளின் கேடும் சேர்ந்துகொள்ளும். நீண்டநாள் கட்டுப்படாத சர்க்கரை முக்கியக் காரணம். காரணமே தெரியாமல் வருவோரும் பலர். சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர்க்கு இந்நோய் வராது. சிறு பங்கினருக்கு வந்தாலும் அத்தொகை பெரிது. எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் இப்போது போடப்படும் செமாகுளூட்டைடு போன்ற ஊசிகளும் இரைப்பையை மந்தப்படுத்துவன என்பதையும் இங்கே நினைவிற்கொள்க.

கண்டறிய வழி உண்டு. முதலில் எண்டோஸ்கோப்பி, புண்ணோ கட்டியோ வழியை அடைக்கவில்லை என்று தெளிவதற்கு. பின்னர், மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை உணவைக் கொடுத்து, 4 மணி நேரம் வரை படம் எடுப்பர். 4 மணி நேரம் கழிந்தும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இரைப்பையில் நின்றால் நோய் உறுதி. முட்டை உண்ணாதோர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவம் எளிதன்று. சிறிது சிறிதாக, குழைவாக, பலமுறை உண்ண வேண்டும். கொழுப்பும் நாரும் குறைய வேண்டும். முன்னர் இடைவெளி விட்டு உண்ணச் சொன்னவனே இப்போது பலமுறை உண்ணச் சொல்கிறானே என்பீர்கள். அது நலமுள்ள குடலுக்குச் சொன்னது. நமக்கு நன்மை தரும் கீரைத்தண்டும் முருங்கைக்காயும் அண்ணாவுக்கு வேண்டாதவை. மருந்துகளில் மெட்டோகுளோபிரமைடை 12 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், முகமும் நாவும் தாமாக இழுக்கும் தீராத கேடு வரக்கூடும். டாம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பைக் குலைக்கும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டாம்பெரிடோன் சேர்ந்த மாத்திரையைத்தான் நாம் "கேஸ் மாத்திரை" என்று சீட்டின்றி வாங்கி, வருடக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறோம். எரித்ரோமைசின் என்னும் பழைய கிருமிக்கொல்லி, மோட்டிலினைப் போல நடித்து இரைப்பையை முடுக்கும். ஆனால் சில வாரங்களில் அதன் ஆற்றல் தேய்ந்துவிடும்.

இதயத்துக்குப் பொருத்துவதுபோல் இரைப்பைக்கும் பேஸ்மேக்கர் பொருத்தலாகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு முதல் ஒரு மின்கருவிக்கு அனுமதி உண்டு. ஆனால் அது இழந்த தாளத்தை மீட்பதில்லை. சிலருக்கு வாந்தியைக் குறைக்கிறது, அவ்வளவே. வேறொரு வழி, இரைப்பையின் கீழ்வாய்த் தசையை எண்டோஸ்கோப் வழியாக உட்புறமிருந்தே வெட்டித் தளர்த்துவது. தாளம் தளர்ந்த இரைப்பைக்குக் கதவையாவது அகலத் திறந்துவிடும் முறை அது. ஜப்பானியர் இனோவே 2008-இல் உணவுக்குழாய்க்குச் செய்துகாட்டிய சிகிச்சையிலிருந்து பிறந்தது. இரைப்பைக்கு 2013-இல் முதன்முதல் செய்யப்பட்டது. அதற்காக நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. டாக்டர் நாகேஸ்வர ரெட்டி நிறுவிய ஆசிய இரைப்பை குடலியல் நிறுவனம் இந்நகரிலேயே உள்ளது. இவ்வகைச் சிகிச்சைகள் அங்கே நடைபெறுகின்றன. 2025-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்ததை நாமெல்லாம் செய்தித்தாளில் படித்தோம். ஆயினும் இச்சிகிச்சை எல்லார்க்கும் ஏற்றதன்று; பயன் பெறாதோரும் உண்டு.

அழிந்த அணுக்களைத் திரும்பப் பெற முடியுமா? எலிகளில், குடல் அடைப்பால் குறைந்த கஹால் அணுக்கள் அடைப்பை நீக்கிய பின் மீண்டு வந்ததைக் கண்டிருக்கிறார்கள். மனிதருக்கு அவ்வாறு மீட்டுத் தரும் மருந்து இன்னும் வரவில்லை.

அண்ணாவுக்கு இன்சுலின் போடும் நேரத்தை மருத்துவர் மாற்றி அமைத்தார். இப்போது நாளுக்கு ஆறு முறை, அரைக்கிண்ணம் குழைந்த சோறோ கஞ்சியோ உண்கிறார். மயக்கம் மீண்டும் வரவில்லை. குமட்டல் அடியோடு போகவும் இல்லை. உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர் எவரேனும் நான்கு வாயில் வயிறு நிறைந்தது என்று சொன்னால், மருத்துவரிடம் செல்லும்போது "கேஸ்" என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். ஒரு தாளை எடுத்து, எத்தனை மணிக்கு ஊசி போட்டது, எத்தனை மணிக்கு என்ன உண்டது, எத்தனை மணிக்கு அது வாந்தியாக வந்தது என்று ஒரு வாரம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.